தாருகானா சந்தை: மழைக்கு முன் ஜெட்டிக்கு எதை வாங்கலாம், எதைத் தொடக் கூடாது

குளிர் நாடுகளில் ஏரி உறைவதற்கு முன் மிதவை ஜெட்டியை, அதாவது படகு கட்டும் மேடையை, கழற்றிக் கரையேற்றுவார்கள். பனிக்கட்டி தூணைப் பிடித்து மேலே இழுத்துவிடும் என்ற பயம். மும்பைப் பக்கம் அந்த வேலையை ஜூன் மாதத்துத் தென்மேற்குப் பருவக்காற்று செய்கிறது. மண்ட்வா, உரண், மட் தீவு, தாணே கழிமுகம் எங்கே கரையோர வீடோ சொந்த ஜெட்டியோ இருந்தாலும் மே முடிவதற்குள் வேலை முடிந்திருக்க வேண்டும். மும்பையில் மழை தொடங்கும் சராசரித் தேதி ஜூன் 11. அதை நம்பித் திட்டம் போடுகிறவர் மாட்டிக்கொள்வார், ஏனென்றால் காற்றும் அலையும் மழைக்குப் பல நாள் முன்பே வந்துவிடும். மேற்குக் கரையில் மீன்பிடித் தடை ஜூன் 1-க்கே ஆரம்பிக்கிறது. நம் ஊர்க் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை என்பதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இந்த வேலைக்கு வேண்டிய இரும்புச் சாமான்களுக்கு மும்பையில் முதலில் சொல்லப்படும் இடம் தாருகானா. ஹார்பர் லைனில் ரே ரோடு ஸ்டேஷனில் இறங்கிக் கிழக்கே நடந்தால் வரும். கப்பல் உடைத்த சாமான் கடைகள் சந்து சந்தாக இருக்கின்றன. பெரிய கப்பல்கள் 1980-களிலிருந்து குஜராத்தின் அலங் கரைக்குப் போய்விட்டன. இங்கே சிறிய கப்பல், சரக்குத் தோணியான பார்ஜ், இழுவைப் படகான டக் உடைத்த சாமானும், அலங்கிலிருந்து லாரியில் வருவதும் கலந்தே கிடக்கும். பக்கத்திலேயே கவுலா பந்தரில் நம்மவர்கள் நிறையப் பேர் குடியிருப்பதால் தமிழ் தெரிந்த வெல்டரோ ஹெல்ப்பரோ கேட்டால் கிடைப்பார். கடைக்காரரிடம் பேச ஹிந்தி வேண்டும்.

தரத்தைப் பொறுத்தவரை இந்தச் சந்தையை ஒரே மதிப்பெண்ணில் அடக்க முடியாது. தேய்மானத்தைக் கையில் கருவி வைத்து அளந்துவிட முடிகிற சாமானுக்கு இதைவிட நல்ல இடம் மும்பையில் இல்லை. வயதை மேலிருந்து பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத சாமானுக்கு இதைவிட மோசமான இடமும் இல்லை. போகும்போது வெர்னியர் காலிப்பர், ஒரு பவுண்டு சுத்தியல், கம்பி பிரஷ், டேப், சாக்பீஸ் இவ்வளவும் பையில் இருக்கட்டும். இவை இல்லாமல் போகிறவருக்கு விலையைக் கடைக்காரர் சொல்வார், தரத்தையும் அவரே சொல்வார்.

சங்கிலியிலிருந்து ஆரம்பிக்கலாம், தாருகானாவின் பலம் அதுதான். மிதவை ஜெட்டியையும் படகையும் பிடித்து நிறுத்த, நடுவில் குறுக்குக் கட்டை வைத்த ஸ்டட் சங்கிலி போதும். நீளம் எவ்வளவு என்பதில்தான் பெரும்பாலோர் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். மும்பையில் பெரிய ஓதம் (கடல் ஏற்றம்) 4.5 மீட்டரைத் தாண்டும், 5 மீட்டரை நெருங்கும் நாட்களும் உண்டு. எந்தெந்த நாள் என்று மாநகராட்சி ஒவ்வொரு மழைக்காலத்துக்கு முன்பும் பட்டியல் வெளியிடும். வற்றில், அதாவது கடல் இறங்கி நிற்கும்போது, 2 மீட்டர் ஆழம், அதற்கு மேல் ஏற்றம் 5 மீட்டர், காற்று தள்ளிவரும் தண்ணீருக்கு 1 மீட்டர், ஆக 8. அதன் மூன்று மடங்கு 24 மீட்டர். கப்பல் சங்கிலி 27.5 மீட்டர் துண்டுகளாகத்தான் வரும். ஆகவே ஒரு நங்கூரத்துக்கு ஒரு முழுத் துண்டு என்று கேட்டு வாங்குங்கள். வெட்டச் சொன்னால் விலையும் பேரமும் இரண்டும் கெடும்.

தடிமன் 20 மில்லிமீட்டர் போதும். 20 மில்லி ஸ்டட் சங்கிலி மீட்டருக்கு ஏறக்குறைய 8.7 கிலோ, ஒரு துண்டு 240 கிலோ வரும். இதில் மட்டமான தரத்துச் சங்கிலியே 16 டன்னுக்குக் குறையாமல் தாங்கும். மும்பைக்குக் கட்டட விதிகளில் சொல்லும் காற்று வேகம் வினாடிக்கு 44 மீட்டர்; அந்தக் காற்று ஒரு சதுர மீட்டரைச் சுமார் 118 கிலோ எடையோடு தள்ளும். பக்கவாட்டில் 10 சதுர மீட்டர் காட்டும் படகுக்கு 1.2 டன்தான் ஆகிறது. அப்படியானால் 12 மில்லி போதாதா என்று கேட்கலாம். புதிதாக இருக்கும்போது போதும். 20 மில்லி சொல்வது வலிமைக்காக அல்ல, தேய்மானத்துக்காக. ஓதம் ஏறி இறங்கும் ஒவ்வொரு முறையும் சங்கிலியின் ஒரே பகுதி சேற்றிலிருந்து எழுந்து மறுபடி படியும். அந்த நாலைந்து மீட்டரைச் சேற்று மணல் அரம் போட்டு ராவுவது போல் ராவிவிடும். வசதி இருந்தால் அடியில் கிடக்கும் பகுதிக்கு மட்டும் 5 அல்லது 6 மீட்டர் 38 மில்லி சங்கிலி போடுங்கள். மீட்டருக்கு 31 கிலோவுக்கு மேல் என்பதால் அதுவே பாதி நங்கூரமாகிவிடும். இந்த அளவு தாருகானாவில் குவிந்து கிடக்கும், 20 மில்லியைத்தான் தேட வேண்டும்.

சோதனை இப்படி. ஒரு கண்ணியும் அடுத்த கண்ணியும் உரசும் இடத்தைக் கம்பி பிரஷால் பளபளவென்று வரும்வரை தேயுங்கள். அங்கே வெர்னியரை வைத்து ஒரு அளவு, 90 டிகிரி திருப்பி இன்னொரு அளவு, இரண்டின் சராசரி. கப்பல் விதிப்படி 12 சதவீதம் குறைந்தால் சங்கிலி கழிவு. 20 மில்லிக்கு அது 17.6. ஆனால் அது கழிக்கும் எல்லை, வாங்கும் எல்லை அல்ல. 19-க்குக் கீழே இருந்தால் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து ஐந்து கண்ணிகளை இழுத்து நேராக்கி வெளிவிளிம்பிலிருந்து வெளிவிளிம்பு வரை டேப் பிடியுங்கள். 20 மில்லி சங்கிலியில் 440 மில்லிமீட்டர் வர வேண்டும், அதாவது தடிமனின் 22 மடங்கு. 460-ஐத் தொட்டால் அது எங்கோ பெருஞ்சுமையில் இழுபட்ட சங்கிலி. கடைசியாகச் சுத்தியல். ஒவ்வொரு ஸ்டட்டின் மேலும் ஒரு தட்டு. இறுகிய ஸ்டட் மணி மாதிரி கணீரென்று கேட்கும். தளர்ந்தது சொத்தென்று கேட்கும், விரலை வைத்தால் அதிர்வதும் தெரியும். தளர்ந்ததைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டே போங்கள். அங்கொன்றும் இங்கொன்றும் பரவாயில்லை, வரிசையாக மூன்று வந்தால் அந்தத் துண்டு வேண்டாம்.

இங்கே கடைக்காரர்கள் ஒரு உபகாரம் செய்ய முன்வருவார்கள்: கேஸ் கட்டரால் வெட்டி, வேறு கண்ணியை வெல்டிங் வைத்து ஒட்டித் தருவதாகச் சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள். வெல்டிங் வைத்த கண்ணிக்கு எந்தச் சோதனையும் நடக்காது. வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் சூடுபட்டு நீலம் பாய்ந்த பக்கத்துக் கண்ணியையும் சேர்த்து வெட்டி எறியச் சொல்லுங்கள். முனையில் டி ஷாக்கிள் (குறுக்கே பின் திருகும் டி வடிவ வளையம்) போட்டு இணைப்பதே சரி.

எடை போடும் இடத்தில்தான் பணம் போகிறது. எல்லாமே கிலோ கணக்கு. அன்றைய பழைய இரும்பு விலையை முதலில் கேட்டுவிட்டு, அதற்கு மேல் எவ்வளவு என்று பேசுவதே முறை. துருப் பொருக்கு, காய்ந்த சேறு, ஒட்டிய சிப்பி எல்லாம் தராசில் இரும்பாகிவிடும். தள்ளி நிற்கும் ஹெல்ப்பரிடம், “அண்ணே, துருவைத் தட்டி உதறிட்டு எடை போடுங்க” என்று சொன்னால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். ஜிஎஸ்டி 18 சதவீதம். பில் இல்லாமல் கொஞ்சம் குறைப்பார்கள், ஆனால் லாரியில் போகும் கப்பல் சாமானுக்குப் பக்கா பில் இல்லாவிட்டால் வழியில் நிறுத்தும்போது பதில் சொல்ல முடியாது. மாற்றித் தருவது, திரும்ப எடுப்பது என்ற பேச்சே இந்தச் சந்தையில் கிடையாது. சோதனைச் சான்றிதழும் வராது. இவை இரண்டும் பெரிய குறை.

ஷாக்கிள் வாங்கலாம், ஆனால் தாங்கும் சுமை உடம்பில் அச்சாகியிருக்க வேண்டும். 19 மில்லி என்றால் 4.75 டன், 16 மில்லி என்றால் 3.25 டன் என்று தெளிவாகப் படிக்க வர வேண்டும். பின்னைக் கையால் திருகிப் பாருங்கள். மரை முழுதும் ஓட வேண்டும். ஒரு கடையில் உடம்பும் இன்னொரு குவியலில் பின்னும் எடுத்துச் சேர்த்த ஜோடி நிறைய உலவுகிறது. மாட்டிய பிறகு பின்னைக் கம்பியால் கட்டும்போது ஜிங்க் பூசிய கம்பியே வேண்டும். செம்புக் கம்பி கட்டினால் உப்புத் தண்ணீரில் ஷாக்கிளின் ஜிங்க்கை அதுவே தின்றுவிடும். பிளாஸ்டிக் டை வெயிலில் நொறுங்கும். சுழல் இணைப்பான ஸ்விவல் மட்டும் புதிதாக வாங்குங்கள், இங்கே கிடப்பதில் பாதி இறுகிப் போனவை.

நங்கூரக் கட்டி என்று சிமென்ட் பிளாக் வார்க்க நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட வேண்டும். 1 டன் கான்கிரீட் கடல் தண்ணீருக்குள் சுமார் 570 கிலோதான். 1 டன் இரும்பு 870 கிலோ. பழைய எஃகுக் கட்டி, கனத்த பிளேட் இவற்றைக் கிலோ விலைக்கு வாங்கிக் கண்ணி வைப்பது அதே பிடிமானத்துக்கு ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் முடியும், இறக்குவதும் எளிது.

படகுக் கயிற்றைக் கட்டும் இரும்புக் குற்றியான பொல்லார்டும், கொம்பு வைத்த கிளீட்டும் நல்ல வேட்டை. ஒரே எச்சரிக்கை, வார்ப்பிரும்பா எஃகா என்று தெரியாமல் வாங்கக் கூடாது, ஏனென்றால் வார்ப்பிரும்பில் சாதாரண வெல்டிங் நிற்காது. கிரைண்டரை ஒரு நொடி வைக்கச் சொல்லிப் பாருங்கள். எஃகு என்றால் பொறி நீளமாக, மஞ்சளும் வெள்ளையுமாகச் சிதறும். வார்ப்பிரும்பு என்றால் குட்டையாக மங்கிய சிவப்பில் அடங்கிவிடும். எதுவானாலும் ஜெட்டியில் போல்ட் போட்டுப் பிடிக்கும்போது அடிப்பக்கம் 10 மில்லி பிளேட் வைக்காமல் விடாதீர்கள். பிளேட் இல்லாவிட்டால் பெரிய காற்றில் பொல்லார்டு மரப்பலகையோடு பிய்ந்து வரும்.

இந்தச் சந்தையில் யாரும் கண்டுகொள்ளாத நல்ல சாமான் ஒன்று உண்டு: கப்பலில் கழற்றிய தீயணைப்பு ஹோஸ். உள்ளே ரப்பர், வெளியே கெட்டி நெசவு. 60 சென்டிமீட்டர் துண்டாக வெட்டிக் கயிறு உரசும் இடங்களில் உறையாகப் போட்டால் கயிற்றின் ஆயுள் கூடும். மழைக்காலத்தில் கயிறு அறுவது இழுவையால் அல்ல, ஒரே இடத்தில் உரசி உரசித்தான். பழைய டயரையும் இங்கே வாங்கித் தொங்கவிடலாம், ஆனால் அடியில் 25 மில்லி துளை இரண்டு மூன்று போட்ட பிறகு. இல்லையென்றால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும், மாநகராட்சிப் பூச்சித் துறை நோட்டீஸோடு வரும். படகு ஜெட்டியில் இடிபடாமல் தாங்கும் ரப்பர் ஃபெண்டரில் மேலோட்டமான வெடிப்பு சும்மா இருக்கட்டும். வெடிப்புக்குள் நகம் இறங்கினால் உள்ளே போய்விட்டது என்று அர்த்தம்.

இனி தொடக் கூடாதவை. கப்பலில் கழற்றிய நைலான், பாலிபுரொப்பிலீன் கயிறு பார்க்கக் கனமாக, கம்பீரமாக இருக்கும். வெயில் தின்ற கயிற்றின் வலிமை எவ்வளவு மிச்சம் என்பதைக் கையால் சொல்ல முடியாது. கயிற்றை மஸ்ஜித் பந்தரில் புதிதாக வாங்குங்கள், தயாரிப்பாளர் சீட்டுள்ள முழுச் சுருளாக. ஜெட்டிக் கட்டுக்கு நைலானே நல்லது, நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். நனைந்தால் பத்துப் பதினைந்து சதவீதம் வலிமை குறையும் என்பதைக் கணக்கில் வையுங்கள். முடிச்சுப் போட்டால் பாதி வலிமை போகும், முனையைப் பின்னிக் கண் போட்டால் பெரும்பகுதி நிற்கும்.

எஃகுக் கம்பிகளை முறுக்கிய ஒயர் ரோப் இன்னும் ஆபத்து. வெளியே கிரீஸ் பளபளக்கும். முறுக்கை ஆணியால் விலக்கிப் பார்த்தால் உள்ளிருந்து சிவப்புப் பொடி கொட்டும். அப்படிக் கொட்டியதை யாரும் வாங்கக் கூடாது, கொட்டாததையும் படகு தூக்க வாங்கக் கூடாது. லைஃப் ஜாக்கெட், தீச்சமிக்ஞைப் பட்டாசு, இரண்டு டப்பாவைக் கலந்து பூசும் எப்பாக்ஸி பெயிண்ட் ஆகியவை காலாவதியானவை என்று வைத்துக்கொள்ளுங்கள். சமிக்ஞைப் பட்டாசுக்கு ஆயுளே வழக்கமாக 3 வருடம்தான். கப்பல் உடைபட வந்தபோதே அது முடிந்திருக்கும். நீல நிற 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம்மை மிதவைக்கு என்று தள்ளிவிடுவார்கள். உள்ளே என்ன ரசாயனம் இருந்தது என்று எழுதியிருக்காவிட்டால் வேண்டாம். நல்ல டிரம் கிடைத்தால் ஒன்றுக்கு 100 கிலோ மட்டும் கணக்கிடுங்கள், முழு 200 அல்ல. பாதி மூழ்கி நின்றால்தான் ஜெட்டி ஆடாமல் இருக்கும்.

போல்ட் விஷயத்தில் ஒரு ஏமாற்று தொடர்ந்து நடக்கிறது. ஸ்டெயின்லெஸ் என்று காட்டக் காந்தத்தை எடுத்து வைப்பார்கள், ஒட்டாது. கடலுக்கு வேண்டியது 316 என்ற ரகம். சாதாரண 304-லும் காந்தம் ஒட்டாது. இரண்டையும் பிரிக்க மாலிப்டினம் சோதனைத் திரவம் ஒரு சொட்டு வேண்டும். அது கையில் இல்லையென்றால் நாக்தேவி தெருவில் தலையில் ஏ4 (316 ரகத்தின் குறி) என்று அச்சுள்ள போல்ட்டைப் பில்லோடு வாங்குங்கள். ஜிங்க் பூச்சிலும் இதே கதை. பளபளவென்று வழவழப்பாக இருப்பது மின்பூச்சு, சில மைக்ரான்தான், ஒரு மழைக்கும் தாங்காது. மங்கிய சாம்பல் நிறத்தில் சற்றுச் சொரசொரப்பாக இருப்பது உருகிய ஜிங்க்கில் முக்கியது, அதுதான் வேண்டும்.

இரும்புக்குப் பதில் தான் கரைந்து அதைத் துருவிலிருந்து காக்கும் கட்டியான அனோடும் புதிதாகவே. வழக்கமாக ஜிங்க் கட்டியைக் கேட்பார்கள், கடைக்காரரும் அதையே தருவார். தாணே கழிமுகம், பன்வேல் கழிமுகம் போன்ற இடங்களில் ஜூலையில் மேல்தண்ணீர் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். நன்னீரில் ஜிங்க் மேல் ஒரு படலம் படிந்து வேலையை நிறுத்திவிடும். அங்கே அலுமினிய அனோடு போடுங்கள், உப்பிலும் அரை உப்பிலும் வேலை செய்யும். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். அதன் மேல் பெயிண்ட் அடிக்கும் புண்ணியவான்கள் இன்னும் இருக்கிறார்கள்.

வாங்கிய சாமானை மாட்டும் வேலைக்கு ரே ரோட்டிலேயே வெல்டரையும் ஃபிட்டரையும் பேசிக் கூட்டிப் போவது வழக்கம். கைத்திறனில் குறை சொல்ல முடியாது. நேரக் கணக்கு மட்டும் நாம் போட்டுக் கொடுக்க வேண்டும். மும்பையில் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய வற்று காலையும் மாலையும் 6 மணி வாக்கில் வரும். தூணின் அடிப்பகுதி அப்போதுதான் வெளியே தெரியும். ஆள் 10 மணிக்கு வந்தால் அன்றைய கூலி வீண். பெயிண்ட் வேலை அதற்கு நேர்மாறு: காற்றில் ஈரம் 85 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பூசக் கூடாது, இரும்பின் சூடு பனி படியும் நிலையைவிட 3 டிகிரியாவது கூட இருக்க வேண்டும். மே மாதத்தில் அது காலை 11-க்கு மேல் மாலை 4-க்குள்தான் சரிப்படும். காலையில் தேய்ப்பு, மதியம் பூச்சு என்று பிரித்துக் கொடுங்கள்.

கான்கிரீட் தூணில் வெடிப்புக் கண்டால் மேலே சிமென்ட் பூசி மறைப்பதை அவர்கள் விரைவாகச் செய்து காசு வாங்கிவிடுவார்கள். அடுத்த வருடம் அந்தப் பூச்சு ஓடாகக் கழன்று விழும், உள்ளே கம்பி இன்னும் ஊதியிருக்கும். கம்பிக்குப் பின்னால் 20 மில்லி இடைவெளி வரும்வரை கொத்தி, துருவைத் தேய்த்து எடுத்து, ஜிங்க் பிரைமர் பூசி, பாலிமர் கலந்த காரையால் அடைக்க வேண்டும். ஓதம் படும் தூணுக்கு ஐஎஸ் 456 விதி சொல்வது கம்பிக்கு மேல் 75 மில்லி கான்கிரீட் மூடல். பழைய ஜெட்டி எதிலும் அது இருக்காது, அதனால்தான் வெடிக்கிறது.

மேல்தளப் பலகையை ஆணியடித்துப் போட்டிருந்தால் இந்த முறையே போல்ட்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மழைக்காலத்து அலை பக்கத்திலிருந்து இடிப்பதைவிடக் கீழிருந்து தூக்குவதுதான் அதிகம். பலகையைக் கழற்றி வைத்தால் சட்டம் தப்பும். நடைபாலத்தையும் மிதவையையும் மே கடைசி வாரத்தில் கழற்றிக் கரையேற்றிவிட வேண்டும். இழுத்துக் கட்ட இடம் இல்லை என்று அலையாத்தி மரத்தில் கயிறு போடாதீர்கள், மரம் ஒடிந்தால் வழக்கு வரும். ஜெட்டி விளக்கின் மின்சாரத்தைக் கரையிலேயே துண்டியுங்கள். துண்டிக்க முடியாத இடத்தில் மின்கசிவு கண்டதும் துண்டிக்கும் 30 மில்லியாம்ப் ஆர்சிசிபி கட்டாயம்.

போக வேண்டிய காலம் ஏப்ரல் நடு. மே கடைசியில் மீன்பிடிப் படகுகள் கரை திரும்பும்போது அவர்களும் இதே சங்கிலிக்கும் ஷாக்கிளுக்கும் வருவார்கள், பொறுக்கி எடுக்க நேரம் கொடுக்க மாட்டார்கள். உரண், அலிபாக் பக்கம் கொண்டுபோக அடல் சேது கிட்டத்தில் சிவ்ரியிலேயே ஏறுகிறது. ஆனால் கடை வாசலில் மலிவாகக் கிடைக்கும் மூன்று சக்கர டெம்போவுக்கு அந்தப் பாலத்தில் அனுமதி இல்லை. நான்கு சக்கர டெம்போவாகப் பேசுங்கள், ஏற்றும் கூலியைச் சங்கிலிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். 240 கிலோ சங்கிலி வண்டியில் ஏறிய பிறகு கூலி கேட்டால் அவர்கள் சொல்வதுதான் விலை.